கபனும் ரகசிய எண்ணும்

நபவியா வீட்டு ரொட்டி மாவு அன்றைக்கு வெயிலில் பொங்கி, மண்தட்டை விட்டு இறங்கித் தரைக்கே வந்துவிட்டது. கோழிகள் வந்து கொத்தின. விரட்ட ஆளில்லை. ஆகஸ்ட் வெயிலுக்குக் கொஞ்ச நேரம் கண்ணை எடுத்தாலே மாவு தலைக்கு மேல் போய்விடும் என்பது எங்கள் ஊரான கோம் நபக்கில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். புருஷன் கெய்ரோவில் சாரத்திலிருந்து விழுந்து செத்த சேதி வந்த நாளில்கூட, ஒப்பாரிக்கு நடுவில் எழுந்துபோய் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து அழுதவள் நபவியா. அப்படிப்பட்டவள் அன்றைக்கு அடுப்படியில் கரண்டியும் கையுமாகக் கல்லாய் நின்றாள். எதிரே மகள் தஸ்னீம், கையில் போனோடு.

"யம்மா, எனக்கு மருத்துவம் வரல."

"பின்ன என்ன வந்துச்சு?"

"வேளாண்மை. அதுவும் வடக்கே, கடலோரத்துல. ரயிலேறினா ஒரு பகலும் ஒரு ராவும் போவணும்."

"மார்க்கு பத்தலையா?"

"பத்தி மிஞ்சும். என்னைவிட கம்மியா வாங்கின சோஹாக் டவுன் புள்ளைக்கெல்லாம் மருத்துவம் கெடச்சிருக்கு. நான் முதல் விருப்பமா மருத்துவந்தான் போட்டேன். இப்ப பாத்தா முதல்ல வேளாண்மை நிக்குது. நான் அத போடவே இல்லம்மா. சத்தியமா போடல."

எங்கள் நாட்டில் பரீட்சை எழுதி மார்க் வாங்குவதோடு பாடு தீர்ந்துவிடாது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு ரகசிய எண் கொடுப்பார்கள். அதையும் தேர்வு எண்ணையும் போட்டு அரசாங்கத்தின் இணையப் பக்கத்துக்குள் நுழைந்து, எந்தெந்தக் கல்லூரி வேண்டுமென்று எழுபதுக்கு மேல் விருப்பங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிய வேண்டும். வாசல் சில நாட்களுக்குத்தான் திறந்திருக்கும். அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாகப் பதிந்ததே செல்லும். வாசல் மூடியதும் எந்திரம் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். மார்க்குக்கு இடம் இருக்கிற முதல் கல்லூரியில் ஆளைத் தள்ளிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நீ இரவெல்லாம் விழித்துப் படித்தாயா, உன் தாய் அடுப்புச் சூட்டில் வெந்தாளா என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

தஸ்னீமின் விருப்பங்கள் பதியப்பட்டது அவளுடைய பெரியப்பா ஹாஜி ருஷ்வான் வீட்டில். கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. ஆனால் அங்கே பையன்கள் கூட்டம்; தகப்பனில்லாத வயசுப்பெண் போய் நின்றால் ஊர் என்ன பேசும்? ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? "என் தம்பி மக கடையில போயி நிக்கறதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ருஷ்வானே வந்து அழைத்துப் போனார். அவருடைய மகன் முன்தஸிர் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தட்டினான். இவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவனும் ஒன்றுவிடாமல் பதிந்தான். ரகசிய எண்ணையும் சேர்த்துத்தான்.

அவனும் அதே வருஷம் பரீட்சை எழுதியவன். தேறினான், அவ்வளவுதான். முதல் சுற்றில் அவன் மார்க்குக்கு வாசல் இல்லை. இரண்டாம் சுற்றுக்குக் காத்திருந்தான்.

மறுநாள் காலையில் தாயும் மகளும் வேன் பிடித்து சோஹாக் போனார்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு உதவ ஒரு கூடம் வைத்திருந்தார்கள். மின்விசிறி சூட்டை வாரி முகத்தில் அடித்தது. கிர்கிஸ் என்ற அலுவலர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"கடைசி நாள் சாயங்காலம் மறுபடி பதிஞ்சிருக்கியேம்மா. வாசல் மூடறதுக்குக் கொஞ்சம் முன்னால."

"நான் பதியல சார். அன்னைக்கு சாயங்காலம் ஒரு கல்யாண வீட்டுக்கு ரொட்டி. நானும் அம்மாவும் அடுப்ப விட்டு நகரவேயில்ல."

"ரகசிய எண் வேற யாருகிட்ட இருந்துச்சு?"

தஸ்னீம் தாயைப் பார்த்தாள். தாய் மின்விசிறியைப் பார்த்தாள்.

"எங்க பெரியப்பா மகன்கிட்ட."

கிர்கிஸ் பேனாவை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "வருஷா வருஷம் ரெண்டு மூணு வருது இந்த மாதிரி. முறையீடு குடுக்கலாம். ஆனா வெறும் முறையீட்ட யாரும் தொடமாட்டாங்க. போலீசுல புகார் குடுத்து, மாத்தினது இன்ன ஆளுன்னு பதிவாயிருக்கணும். இணைய லைனை வச்சுத் தேடச் சொன்னா மாசக்கணக்கா ஆகும். முறையீட்டு வாசல் அடுத்த வாரமே மூடிரும்."

"அப்ப என்ன செய்யணும், அதச் சொல்லுங்க" என்றாள் நபவியா.

"செஞ்சவன் தன் வாயால ஒத்துக்கிட்டு அது போலீசுல பதிவானா, உங்க மக மார்க்குக்கு மறுநாளே இடம். ஒத்துக்குவானா?"

"ஒத்துக்க வைக்கிறேன்" என்றாள் அவள். கிர்கிஸ் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவரும் இந்த மண்ணின் பிடிவாதம் தெரிந்த மேல் எகிப்துக்காரர்தானே.

திரும்பி வந்தால் வீட்டு வாசலில் ருஷ்வான் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தலைப்பாகை, இஸ்திரி போட்ட நீள அங்கி, கையில் கைத்தடி. தம்பி மகளுக்குக் கல்லூரி கிடைக்காத துக்கம் முகத்தில் அளவாக இருந்தது.

"கேள்விப்பட்டேன், உம்மு தஸ்னீம். என்ன செய்ய? விதி. அல்லாஹ் எழுதினது." உம்மு என்றால் தாய்; பிள்ளை பெற்றவளை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"அல்லாஹ் எழுதினான். யாரோ அழிச்சுட்டு வேற எழுதியிருக்காங்க, ஹாஜி."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "புள்ளைய கடலோரத்துக்கு அனுப்பவா போற? நம்ம வீட்டுப் பொண்ணு தெரியாத ஊர்ல ஹாஸ்டல்ல கெடக்கறதா? பேசாம நான் முன்னமே சொன்னத யோசி. முன்தஸிருக்கே முடிச்சிருவோம். படிப்பு படிப்புன்னு நீதான் தள்ளிப் போட்டே. இப்ப படிப்பும் இல்லன்னு ஆயிருச்சு. என் வீட்டு வாசல் அவளுக்கு எப்பவும் திறந்திருக்கு."

அந்த இடத்தில் நபவியாவுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. மருத்துவம் படிக்கிற பெண் அவன் கைக்கு எட்டமாட்டாள். தூரதேசத்து வேளாண்மை என்றால் தாய் அனுப்பமாட்டாள். பெண் வீட்டோடு கிடப்பாள். வீட்டோடு கிடக்கிற பெண்ணைப் பெரியப்பா மகன் வந்து கட்டிக்கொண்டு போவான். வேலி பயிரை மேய்ந்ததோடு நிற்கவில்லை, மேய்ந்த வாயோடு சம்பந்தம் பேசவும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"எழுந்திருங்க ஹாஜி" என்றாள்.

"என்னது?"

"அந்தப் பலகையில இருந்து எழுந்திருங்க. அது உங்க தம்பி செஞ்சது. அதுல உக்காந்துகிட்டு நீங்க இதப் பேசப்படாது."

ருஷ்வான் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "பொம்பள வாய்க்கு நான் பதில் சொல்றதில்ல" என்றார். பதிலில்லாதவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது.

அன்று சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி சர்க்கரைப் பொட்டலம், ஒருத்தி தேயிலை. நபவியா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் உள்ள வராதீங்க."

"அல்லாஹ் இதுக்குப் பதிலா நல்லத குடுப்பான், உம்மு தஸ்னீம். ஆறுதல் சொல்லத்தான் வந்தோம்."

"ஆறுதல் வேணாம். சாவு விழுந்த வீட்டுக்குத்தான் ஆறுதல். இந்த வீட்டுல கொலை விழுந்திருக்கு. பழி தீருற மட்டும் நான் துக்கம் ஏத்துக்கமாட்டேன். போய்ச் சொல்லுங்க."

வந்தவர்களுக்கு ரத்தம் சுண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லமாட்டார்கள். ஆள் வெட்டுப்பட்டுச் செத்தால், பதிலுக்கு ஒரு தலை விழும்வரை அந்த வீட்டுக்காரர்கள் துக்கம் ஏற்பதில்லை. வருஷங்கள் போனாலும் பாய் விரிப்பதில்லை. நாற்பது வருஷம் கழித்துப் பழி வாங்கினவன் 'கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்' என்று வருத்தப்பட்டானாம். இது எங்கள் பக்கத்துச் சொல். ஒரு கல்லூரி இடத்துக்காக ஒருத்தி இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சிரிப்பதா பயப்படுவதா என்று ஊருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் சிரித்துப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் நபவியாவின் தம்பி ஹம்தான் வந்தான். அவன் கரும்பு லாரி ஓட்டுகிறவன், பேச்சைவிடக் கை முந்துகிற ஜாதி. வந்தவன் தோளில் துணி சுற்றிய நீளமான சாமான் ஒன்று தொங்கியது. அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற சாமானா அது? அக்காள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் கருந்தேநீர் குடித்துக்கொண்டு, தெருக்கோடியில் தெரியும் ருஷ்வான் வீட்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் சிரிப்பு நின்றுபோயிற்று.

நபவியாவும் சும்மா இல்லை. அவள் ரொட்டி வேகாமல் ஊரில் பாதி வீட்டுக்குச் சாப்பாடு இறங்காது. வெயிலில் உப்பிய மாவை உள்ளங்கையால் தட்டி, ஓரங்களைக் கத்தியால் கீறி, குவிந்த மண்ணடுப்புக்குள் அவள் தள்ளி எடுக்கிற ரொட்டிக்குத் தனி மணம். வாங்க வந்தவர்களிடம் ஒரே கேள்வி கேட்டாள்.

"ஹாஜி ருஷ்வானுக்கு சலாம் சொல்வியா?"

"சொல்லாம எப்படி, உம்மு தஸ்னீம்? பெரிய மனுஷன்..."

"அப்ப அவரு வீட்டுல போயி ரொட்டி வாங்கிக்க."

இரண்டு நாளில் ஆண்கள் கடை ரொட்டியைப் பாகில் முக்கித் தின்றுவிட்டு முகம் சுளித்தார்கள். மூன்றாம் நாள் பள்ளிவாசல் வாசலில் ருஷ்வானின் சலாத்துக்குப் பதில் சொன்னவர்கள் குறைந்துபோனார்கள். நியாயம் எது என்று வயிறுதான் முதலில் கண்டுபிடிக்கும்.

ஊர்ப் பெரியவர் ஷேக் அப்துல் ஜலீல் பஞ்சாயத்துக்கு வந்தார். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ரத்தப் பழிகளைத் தீர்த்து வைத்தவர். அவர் குரலைத் தணித்தால்தான் எதிராளிக்கு நடுக்கம் வரும்.

"மகளே, உன் தம்பிய அனுப்பிரு. ஒரு தலை விழுந்தா பத்து தலை விழும். உனக்கு என்ன வேணும்? ஹாஜிகிட்ட வாங்கித் தர்றேன். நிலமா? பணமா?"

"எனக்கு மருத்துவக் கல்லூரி வேணும், ஷேக்."

"அத நான் எங்கேருந்து வாங்கித் தருவேன்?"

"அப்ப வழக்கப்படி செய்ங்க. கொலைக்கு என்ன வழக்கம்?"

ஷேக் தாடியைத் தடவினார். கொலை செய்தவன் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால், தன் பிணத்தைச் சுற்றவென்று வெட்டிய கபன் துணியை இரு கையிலும் ஏந்தி, வெறுங்காலோடு, ஊர் பார்க்க எதிராளி முன் போய் நிற்க வேண்டும். 'என் உயிர் உன் கையில், வெட்டினாலும் சரி, விட்டாலும் சரி' என்று பொருள். எதிராளி அந்தத் துணியை வாங்கிக்கொண்டால் பழி தீர்ந்தது. இதுவரை யாரும் வாங்காமல் விட்டதில்லை. ஏந்தி வந்த கபனை மறுப்பது அசிங்கம்.

"ஒரு பட்டன தட்டினதுக்கு கபனா?" என்றார் ஷேக்.

"பட்டன தட்டித்தான் என் புள்ளைய புதைச்சிருக்கான். அவன் கபனோட வரட்டும், என் தம்பிய நான் திருப்பி அனுப்பறேன். ரெண்டே நிபந்தனை. என்ன செஞ்சான்னு அவன் வாயால சொல்லணும், தலையாட்டினா போதாது. அப்புறம், எல்லா சமாதானத்துக்கும் வர்ற மாதிரி போலீஸ் அதிகாரியும் பந்தல்ல இருக்கணும்."

"அது வழக்கந்தான்" என்றார் ஷேக். அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

ருஷ்வானுக்குக் கபன் என்றதும் கோபம் மண்டைக்கேறியது. ராத்திரி யோசித்தபோது நல்லதாகவே பட்டது. சபையில் சொன்னது சபையோடு போகும். கபன் வாங்கிவிட்டால் அதற்கப்புறம் புகார் என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஒரு நாள் தலைகுனிவு. அதோடு மகன் கழுவித் துடைத்த மாதிரி வந்துவிடுவான். இரண்டாம் சுற்று வேறு ஞாயிற்றுக்கிழமை திறக்கும், வியாழக்கிழமை சாயங்காலம் மூடிவிடும். சீக்கிரம் முடியட்டும் என்று சம்மதித்தார்.

சனிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின்னால் பந்தல். பூப்போட்ட துணியில் மறைப்பு, வாடகை நாற்காலிகள், வேதம் ஓதுகிறவருக்கு ஒலிபெருக்கி. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆண்கள் வந்திருந்தார்கள். கல்லூரி இடத்துக்குக் கபன் ஏந்துவதைப் பார்க்காமல் விட யாருக்கு மனசு வரும்? முன்வரிசையில் போலீஸ் அதிகாரி, பக்கத்தில் அவருடைய எழுத்தர். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள்.

முன்தஸிர் தெருமுனையிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்தான். வெயிலில் காய்ந்த மண் உள்ளங்காலைச் சுட்டது. தத்தித் தத்தி வந்தான். நீட்டிய கைகளில் மடித்த வெள்ளைத் துணி. மீசை சரியாக முளைக்காத முகம். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இரக்கம் வந்துவிட்டது. அக்காள் வீட்டு ஆண்பிள்ளை என்ற முறையில் வாங்கிக்கொள்ள எழுந்து நிற்க வேண்டியவன் ஹம்தான். அவன் எழவில்லை. மறைப்புத் துணியை விலக்கிக்கொண்டு ஆண்கள் பந்தலுக்குள் நபவியா வந்து நின்றாள். மணிக்கட்டில் மாவு காய்ந்திருந்தது.

"பொம்பள இங்க வரப்படாது" என்று ஒரு குரல்.

"கருவுல சுமந்ததும் பொம்பளதான், சும்மா இரு" என்றாள் அந்தப் பக்கம் பார்க்காமலே. "சொல்லு முன்தஸிர். என்ன செஞ்சே?"

பையன் தகப்பனைப் பார்த்தான். ருஷ்வான் 'சொல்லித் தொலை' என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

"சின்னம்மா... தப்பு செஞ்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"தப்பு நாம எல்லாருந்தான் செய்யறோம். என்ன தப்பு?"

"தஸ்னீம் விருப்பத்த மாத்தினேன்."

"யாரோட எண்ணப் போட்டு?"

"அவளோட ரகசிய எண்ண. என்கிட்ட இருந்துச்சு."

"எப்போ?"

"கடைசி நாள் சாயங்காலம்."

"எத எடுத்தே? எத வச்சே?"

"மருத்துவத்த எடுத்துட்டு... வேளாண்மைய முதல்ல வச்சேன்." அவன் அழ ஆரம்பித்திருந்தான். "அவ போயிட்டா திரும்பி வரமாட்டான்னு வீட்டுல எல்லாரும் பேசினாங்க, சின்னம்மா."

"வீட்டுல யாரு?"

ருஷ்வான் நாற்காலியை விட்டு எழுந்தார். "போதும்! கபன வாங்கு!"

ஷேக்கும் சொன்னார். "வாங்கிக்க மகளே. அல்லாஹ்வுக்காக மன்னிச்சேன்னு சொல்லு. அவன் கை வலிக்குது பாரு."

நபவியா துணியைத் தொடவில்லை. முன்வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"அதிகாரி அய்யா, கேட்டீங்களா? என் மக பேருல புகார் ரெண்டு நாளா உங்க ஸ்டேஷன்ல கெடக்கு. செஞ்சது யாருன்னு தெரியலன்னு எழுதி வச்சிருக்கீங்க. இப்ப தெரிஞ்சுதா? இவ்வளவு பேரு சாட்சி. இவங்கள்ல யாரு வேதத்து மேல கைய வச்சு கேக்கலன்னு பொய் சொல்வாங்களோ, அவங்க எழுந்திரிக்கட்டும்."

யாரும் எழவில்லை. அதிகாரி தேநீர்க் குவளையைக் கீழே வைக்க இடம் தேடினார். எழுத்தர் பேனாவை எடுத்துவிட்டார்.

அதன்பிறகு எழுந்த கூச்சலை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள், வைகிறார்கள். ஷேக் அப்துல் ஜலீலின் தணிந்த குரல் அன்றுதான் உயர்ந்ததாம். "கபன கேவலப்படுத்திட்டே! இனி உன் குடும்பத்துக்கு ஒருத்தனும் கபன் தூக்கமாட்டான். நாளைக்கு உன் தம்பி ஒருத்தன வெட்டினா அவனுக்கு மன்னிப்பு கெடையாது, தெரிஞ்சுக்க!"

"அவன் வெட்டமாட்டான், ஷேக். துணிக்குள்ள இருக்கறது அடுப்புல ரொட்டி தள்ளுற கட்டை" என்றாள் நபவியா. "என் புள்ளைக்கு நீங்க நிலந்தான் குடுப்பேன்னீங்க. நான் கேட்டது அது இல்லையே."

ஹம்தான் அன்றோடு அக்காளிடம் பேச்சை நிறுத்திவிட்டான். கட்டையென்று ஊர் நடுவில் சொல்லிவிட்டாளே என்ற மானக்கேடு அவனுக்குக் கபனை மறுத்ததைவிடப் பெரிதாகப் போயிற்று. முன்தஸிர் போலீஸ் வண்டியில் ஏறும்போது கபனை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனான். அவன் சொன்னதெல்லாம் ஸ்டேஷனில் பதிவாயிற்று. விசாரணைக்கென்று அவனை உள்ளே வைத்தார்கள். வெளியே விடுவது வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் என்றார்கள்.

திங்கட்கிழமை கிர்கிஸ் போலீஸ் பதிவை இரண்டு தடவை படித்தார். முத்திரை குத்தினார். "முதல் விருப்பம் திரும்ப வந்துரும். பிறப்புச் சான்று, போட்டோ, மார்க் சான்றோட அசல் எல்லாம் எடுத்துக்கிட்டு சேர்க்கைக்கு வாம்மா. இனிமே ரகசிய எண்ண உன் நிழலுக்கும் காட்டாதே" என்றார். நபவியா அங்கேயே, அந்தச் சூட்டுக் கூடத்தில், வாயில் கையை வைத்துக் குலவையிட்டாள். வரிசையில் நின்ற பெண்கள் என்ன ஏதென்று தெரியாமலே கூடச் சேர்ந்து குலவையிட்டார்கள்.

வீடு திரும்பியபோது முற்றத்தில் ருஷ்வான் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை பலகையில் உட்காரவில்லை. தலைப்பாகை கோணலாக இருந்தது.

"கெடச்சிருச்சாமே" என்றார்.

"கெடச்சிருச்சு" என்றாள் நபவியா.

"அப்ப புகார வாபஸ் வாங்கிரு, உம்மு தஸ்னீம். உனக்கு வேண்டியது வந்துருச்சு. அவன் உன் கையால ரொட்டி தின்னு வளந்தவன்."

"தின்ன ரொட்டி அவனுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"புத்தி கெட்டுப் போயிட்டான். நான்... நானும் தடுக்கல. தெரிஞ்சும் தடுக்கல. ஒத்துக்கறேன். வியாழக்கிழமை வாசல் மூடிரும். அவன் வெளிய வராட்டி இந்த வருஷம் போச்சு. கல்லூரி இல்லாட்டி கட்டாயப் பட்டாளத்துக்கு இழுத்துக்கிட்டு போயிருவாங்க."

"போவட்டும்" என்றாள் நபவியா. சொல்லும்போது நாக்கில் இனிப்பு ஊறியது; அதை அவள் மறைக்கவும் இல்லை. "என் மக கடலோரத்துக்குப் போவ இருந்தா. உங்க மகன் பாலைவனத்துக்குப் போவட்டும். கணக்கு சரி."

ருஷ்வான் அவளை விட்டுவிட்டுத் தஸ்னீம் பக்கம் திரும்பினார். இத்தனை நாளும் அந்தப் பெண் சபையில் ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. மாவு பிசைந்தாள், கோழி விரட்டினாள், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இளகின மனசு என்று ஊரில் பெயர்.

"நீ சொல்லு மகளே. புகாரு உன் பேருலதானே இருக்கு."

"வெளிய வந்துதான் பதியணும்னு இல்லையே பெரியப்பா" என்றாள் தஸ்னீம் மெதுவாக. "அவன் ரகசிய எண் உங்க வீட்டுல இருக்கும்ல? யாராச்சும் நம்பிக்கையான ஆள்கிட்ட குடுத்து பதிய வைங்க."

ருஷ்வான் அங்கியின் உள்பையைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. திரையில் இருப்பது மருத்துவமா மண்ணா என்று படிக்க முடியாது. யாரிடம் கொடுப்பார்? கம்ப்யூட்டர் கடைக்காரன் நபவியாவிடம் ரொட்டி வாங்குகிறவன். பள்ளி வாத்தியார் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். மருமகன்களை நினைத்துப் பார்த்தார். நேற்றுவரை நம்பின ஒவ்வொரு முகமாக வந்தது. ஒவ்வொருவன் விரலும் ஒரு பட்டன்மேல் இருக்கிற மாதிரியே தெரிந்தது. கடைசி நாள் சாயங்காலம் ஒருத்தன் மாற்றிவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு அங்கியின் உள்பையில் கையை விட்டு, நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். இரண்டு கையாலும் தம்பி மகள் முன்னால் நீட்டினார்.

"துணிய நீங்க வாங்கல. இதயாவது வாங்கிக்க மகளே. நீயே பதிஞ்சு குடு. அவன் கதி உன் கையில."

"வாங்காதே" என்றாள் நபவியா. பிறகு என்ன நினைத்தாளோ, கோழியை விரட்டத் திரும்பினாள்.

தஸ்னீம் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினாள். பிரித்துப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே ஒரு தடவை எண்ணைச் சொல்லிப் பார்த்துவிட்டு, மடித்து முக்காட்டு முடிச்சில் வைத்துக்கொண்டாள்.

"எப்பம்மா பதிவே?" என்று கேட்டார் ருஷ்வான்.

"வியாழக்கிழமை சாயங்காலம், பெரியப்பா. முன்னாடியே பதிஞ்சா யாராச்சும் மாத்திருவாங்க."

சொல்லிவிட்டு, வெயிலில் மாவு உப்பிவிட்டதா என்று பார்க்கப் போனாள். என்ன பதியப் போகிறாய் என்று கேட்கப் பெரியப்பனுக்கு வாய் வரவில்லை. பெற்றவளுக்கும் வரவில்லை.